முள்ளில்லாத மணிக்கூடு

இந்தக் கிழமை எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு பின்னேரம்தான். நான் வேலை முடிந்து ட்ராமில் இருந்து இறங்கி, மூன்றாம் மாடிக்குப் படியேறி, கதவைத் திறக்கும்போது என் கணவர் அப்போதுதான் பல் தீட்டிவிட்டு முகம் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "விடிஞ்சிட்டுதோ?" என்று கேட்கிறார். "இருட்டிப் போச்சு" என்கிறேன். இருவருக்கும் சிரிப்பு வருவதில்லை. ஆனாலும் கேட்பதும் சொல்வதும் நிற்கவில்லை. மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் அவருக்குப் பாணை வாட்டி, முட்டை பொரித்து, தேநீர் ஊற்றி வைக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கும் மகளுக்கும் இரவுச் சாப்பாடு. நாங்கள் சாப்பிட்டுப் படுத்துவிடுவோம். அவருக்கு அப்போதுதான் ஒரு முழு நாள் தொடங்கும்.

இரண்டு கிழமைக்கு முன்னர் இதே மனிதர் காலை பத்து மணிக்கு எழும்பினார். இன்னும் இரண்டு கிழமை போனால் நடுச்சாமத்தில் எழும்புவார். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் எங்களுடைய காலைக்கு வந்து சேருவார். வந்தால் நிற்பதில்லை. நாலைந்து நாள் எங்களோடு விடிந்து எங்களோடு இருட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தத் தொடங்கிவிடுவார்.

கீழ் மாடியில் இருக்கும் பிராவ் கெஸ்லர் இதை முதலில் கவனித்த ஜெர்மன்காரி. பகலில் எங்கள் வீட்டுத் திரைச்சீலை மூடியிருப்பதையும், விடியப்புறத்தில் ரேடியோ கேட்பதையும் வைத்து ஒருநாள் படியில் என்னை மறித்து, "ஷிஃப்ட் வேலையா?" என்று கேட்டார். எனக்கு அதை விளங்கப்படுத்த ஜெர்மன் போதாது. "யா, யா" என்றேன். இவரைப் போலக் கண் தெரியாதவர்கள் தொலைபேசி நிலையங்களில் வேலை செய்வது இந்த நாட்டில் வழக்கம். அதனால் அவராகவே என் கணவருக்கு ஒரு தொலைபேசி நிலையத்தில் வேலை கொடுத்துவிட்டார். அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு சின்னப் பொதி தந்தார். திறந்து பார்த்தால் காதை அடைக்கும் பஞ்சு. பகலில் தூங்கும் உழைப்பாளிக்கு என்று அட்டையில் எழுதியிருந்தது. இவர் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "வேலை இல்லாதவனுக்கு ஷிஃப்ட் மட்டும் கிடைச்சிருக்கு" என்றார்.

இவர் எண்பதுகளில் இலங்கையில் இருந்து கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். அப்போது தெருவின் அந்தப் பக்கத்தில் உள்ள பெயர்ப்பலகையை இந்தப் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டி வாசிப்பாராம். நான் கலியாணம் முடித்து வந்தபோது பிராங்பேர்ட்டில் ஒரு பாண் தொழிற்சாலையில் நின்றார். அந்த நேரமே கண்ணுக்குள் அழுத்தம் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த நோய்க்கு நோவு இல்லை. ஓரங்களில் இருந்து மெல்ல மெல்ல இருட்டிக்கொண்டு வரும். இவர் அதை நோய் என்று நினைக்கவே இல்லை. மாரி காலம் என்று நினைத்தார். இந்த நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சம் அப்படித்தானே இருக்கிறது, யாரிடம் போய் முறையிடுவது? அடுத்த கோடையிலும் வெளிச்சம் திரும்பி வராதபோதுதான் டொக்டரிடம் போனோம். அவர் இவருடைய கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார். அதற்குப் பிறகு இரண்டு சத்திரசிகிச்சை. கடைசியில் இருட்டு, வெளிச்சம் என்ற வித்தியாசமும் போய்விட்டது.

பார்வை போனதற்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். பகலில் படுப்பதற்கு ஒருவரும் பரிதாபப்படவில்லை. "மனுசன் மனம் விட்டிட்டார்" என்றார்கள். "குடிக்கிறாரோ?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டவர்களும் உண்டு. எங்கள் வீட்டு டொக்டர் நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். விடியக் காலையில் எழும்பி நல்ல வெளிச்சத்தில் நடக்கச் சொன்னார். இவரும் சொல்லைத் தட்டாமல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார். மகள் டிலானிக்கு அப்போது எட்டு வயது. நடந்து வந்து கதிரையில் இருந்தபடியே உறங்கிப்போவார். என்னதான் பிடித்து எழுப்பினாலும் உடம்பு அவருடைய சொல்லைக் கேட்காது. இரவில், வீடு முழுவதும் உறங்கும்போது, அவர் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்.

நான் டார்ம்ஸ்டாட்டில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அங்கே நடப்பதில் பாதி எனக்கு இன்றுவரை விளங்காது. சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக்கும் தகடுகளுக்குப் புதுப் புதுக் கலவைகள் செய்து பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். அங்கேதான் ஆனந்தியைச் சந்தித்தேன். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, கெமிஸ்ட்ரியில் டொக்டர் பட்டம் எடுத்தவள். அவள் பேசும் தமிழில் பாதி இங்கிலீஷ். என் தமிழ் அவளுக்குப் பாதிதான் விளங்கும். ஆனாலும் அந்தக் கட்டடம் முழுவதிலும் என்னோடு உட்கார்ந்து பேசியவள் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் யன்னல் ஓரம் இருந்த ஒரு கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினேன். "ஐயோ, தொடாதீங்கக்கா, ப்ளீஸ்!" என்று ஓடி வந்தாள். "அது வளர்ந்துட்டு இருக்கு."

எட்டிப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் போல ஏதோ. அடியில் ஒரு சின்னக் கருப்புத் துண்டு.

"இதுவோ வளருது? எப்ப வளந்து முடியும்?"

"சொல்ல முடியாதுக்கா. அதுக்கு எப்ப தோணுதோ அப்ப. நாம அவசரப்பட்டா குட்டி குட்டியா நூறு வந்துரும். ஒண்ணும் உதவாது."

பிறகு அவள் தாளில் புள்ளி புள்ளியாகப் போட்டுக் காட்டினாள். நல்ல பளிங்கில் எல்லாம் வரிசை தவறாமல் நிற்குமாம். வெளிச்சம் பட்டதும் உள்ளே மின்சாரம் பிறந்து அந்த வரிசைகளுக்குள்ளே ஓடி வெளியே வரவேண்டும். எங்காவது ஒன்று இடம் மாறி நின்றால் அங்கே விழுந்து, வெறும் சூடாகிப் போய்விடும். "ஒரே ஒரு ஆள் லைன் மாறி நின்னா போதும்க்கா, அந்த இடத்துல எல்லாம் செத்துரும்" என்றாள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் பிழையான வரிசையில் அரைநாள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளும் நின்றிருக்கிறாளாம்.

அந்த அறையின் மூலையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு விளக்கு. சூரிய வெளிச்சம் எப்படியோ அதே அளவு, அதே நிறத்தில் அது எரியும். தகடுகளை அதற்குக் கீழே வைத்து, எவ்வளவு காலம் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள். தை மாதத்தில் வெளியே எல்லாம் சாம்பல் நிறத்தில் கிடக்கும்போது, அந்தப் பெட்டியின் இடுக்கு வழியாக எங்கள் மன்னார்க் கடற்கரையின் உச்சி வெயில் ஒரு கோடாக நிலத்தில் விழுந்து கிடக்கும். நிலம் துடைக்கிற சாட்டில் அந்தக் கோட்டில் கொஞ்சம் நிற்பேன். தகடுகளுக்கு அது நல்லதில்லை. ஒவ்வொன்றாக அதற்குக் கீழே சோர்ந்துபோகும்.

"இருட்டுல ரெஸ்ட் குடுத்தா காலைல கொஞ்சம் ஏறும்க்கா" என்றாள் ஆனந்தி. "ஆனா நேத்து இருந்த இடத்துக்கு வராது."

அவள் ஊருக்குப் போய் வந்த ஒரு கிழமை, மேசையில் தலை வைத்துத் தூங்கினாள். "ஜெட் லாக்க்கா, ரெண்டு நாளா தலையே நிக்கல" என்றாள். "என்ரை மனுசனுக்கு வருசக்கணக்கா இதுதான் வருத்தம், பிள்ளை. பிளேன் மட்டும் ஏறேல்லை" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் நிமிர்ந்து இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். தினமும் பிந்துகிறாரா? சுற்றித் திரும்பவும் சரியான நேரத்துக்கு வருகிறாரா? அடியோடு வெளிச்சமே தெரியாதா? எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். சில நாள் கழித்து, சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு அறிவித்தலைக் கிழித்துக்கொண்டு வந்து என் கையில் தந்தாள். முற்றாகப் பார்வையிழந்தவர்களின் நித்திரை பற்றி பிராங்பேர்ட்டில் ஒரு ஆராய்ச்சி நடக்கப்போகிறது, ஆட்கள் தேவை என்று அதில் இருந்தது.

முன்கூட்டியே நேரம் குறித்து, டெர்மின் எடுத்துக்கொண்டு போனோம். டொக்டர் வென்ட் என்ற அந்தப் பெண்மணி எங்களை இருத்தி, தண்ணீர் தந்து, ஆறுதலாகப் பேசினார். மொழிபெயர்க்க டிலானி கூட வந்திருந்தாள். இப்போது அவள் வளர்ந்த பிள்ளை. மனித உடம்புக்குள் ஒரு மணிக்கூடு உண்டு என்றார் டொக்டர். அது சரியாக இருபத்து நான்கு மணித்தியாலம் ஓடாது, சிலருக்குக் கொஞ்சம் பிந்தும். தினமும் காலை வெளிச்சம் கண்ணுக்குள் போய் அதைத் திருத்தி வைக்கிறது. கண்ணுக்குள் பார்ப்பதற்கான கலங்கள் வேறு, பகல் இரவை உடம்புக்குச் சொல்கிற கலங்கள் வேறு என்று அண்மையில்தான் கண்டுபிடித்திருக்கிறார்களாம். பார்வை இல்லாத சிலருக்கு அந்த இரண்டாவது வகை உயிரோடு இருக்கும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவர்களுடைய உடம்புக்கு விடிவது தெரியும். "உங்களுக்கு அதுவும் இல்லை" என்றார்.

டிலானி சொல்லி முடித்ததும் இவர் கேட்டார்: "அப்ப நான் ரெண்டு தரம் குருடனோ?"

டொக்டர் டிலானியைப் பார்த்தார். "அப்பா என்ன சொல்கிறார்?"

"நன்றி சொல்கிறார்" என்றாள் டிலானி.

டொக்டர் மகிழ்ந்துபோய் இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு குளிசை இருக்கிறதாம். இருட்டும்போது எல்லோருடைய உடம்பிலும் தானாகச் சுரக்கிற ஒரு பொருள்தான் அது. அதைச் சரியான நேரத்தில் கொடுத்தால் வெளிச்சம் செய்யாத வேலையை அது செய்யக்கூடும். சிலருக்கு முதலில் மருந்தில்லாத வெறும் குளிசை கொடுப்பார்கள். ஆனால் முடிவில் எல்லோருக்கும் உண்மையான மருந்து கிடைக்கும் என்றார். அதற்கு முன்னர் சில கிழமைகள் இவருடைய உடம்பு எவ்வளவு பிந்துகிறது என்று அளக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான். அந்தக் காலத்தில் இவரை யாரும் எழுப்பக் கூடாது. நித்திரை வரும்போது மறிக்கவும் கூடாது. உடம்பைத் தன் பாட்டில் விடவேண்டும். கையில் கட்ட ஒரு கருப்புப் பட்டி தந்தார்கள். மணிக்கூடு மாதிரித்தான், ஆனால் முகம் இல்லை, முள் இல்லை. அசைவை எல்லாம் அது பதிந்து வைத்திருக்கும். குறித்த நாட்களில், விழித்திருக்கும் நேரத்தில், மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னக் குழாயில் எச்சில் துப்பி வைக்க வேண்டும். அதற்கு முன்னர் தேநீர்கூடக் குடிக்கக் கூடாது.

அந்தக் கிழமைகளில் எங்கள் வீடு வேறு வீடாக இருந்தது. சோம்பேறித்தனம் இல்லை, குடி இல்லை, மனம் விட்டதும் இல்லை. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு குளிசை இருக்கிறது. இவர் என்ன கேட்டார் தெரியுமா? ஞாயிறு பூசையில் பிரசங்கத்துக்குள் உறங்கி விழாமல் இருக்க வேண்டும், நாங்கள் மூன்று பேரும் ஒரு மேசையில் ஒரே சாப்பாட்டை ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். "நீர் புட்டு அவிக்கேக்கை எனக்கும் பசிக்க வேணும்" என்றார். கதவில் மணி அடித்தால் ஓடிப்போய் விரலை வாயில் வைத்துக் காட்டுவேன். தபால்காரருக்கே காட்டினேன். எச்சில் குழாய்கள் குளிர்சாதனப் பெட்டியில் மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. டிலானிக்கு அருவருப்பு. ஆனாலும் ஒவ்வொரு குழாயிலும் அவள்தான் பெயர் ஒட்டினாள்.

அது வன்னியில் சண்டை முற்றியிருந்த காலம். இவருடைய தமையன் உள்ளே அகப்பட்டிருந்தார். தமையன்தான் காணி விற்று இவரை வெளியே அனுப்பியவர். பல கிழமைகளாக ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் மதியம் லண்டனில் இருந்து மச்சான் போன் எடுத்தார். ஷெல் விழுந்து தமையன் பதுங்குகுழிக்குள்ளேயே முடிந்துவிட்டார், அங்கேயே மூடிவிட்டார்களாம். அந்த நேரத்தில் இவருக்கு இரவு. படுத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. நான் போய்க் கட்டிலில் இருந்து அவரைத் தட்டி எழுப்பினேன். எழுப்பக் கூடாது என்பது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. கூடப் பிறந்தவர் செத்த செய்தியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு யாரால் பேசாமல் இருக்க ஏலும்?

இருட்டுவதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் ஆட்களின் செத்தவீட்டுக்கு யாரும் கேட்டுவிட்டு வருவதில்லை. கேள்விப்பட்டதும் வருவார்கள். பிராங்பேர்ட்டில் இருந்து, ஒஃபன்பாக்கில் இருந்து, சில குடும்பங்கள் மன்ஹைமில் இருந்தும். பிரேதம் இல்லாத செத்தவீடு. தமையனின் பழைய படம் ஒன்றைப் பெருப்பித்து மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தோம். வந்தவர்கள் செபமாலை சொன்னார்கள், சமைத்த சாப்பாடு கொண்டு வந்தார்கள், பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். வீட்டுக்காரர் வரவேற்பறையில் இருக்க வேண்டும். அவர் உள்ளே போய்ப் படுத்தால் வந்தவர்களை அவமதித்தது போலாகும். துக்கக்காரனைத் தனியே விடக் கூடாது என்பதும் அவர்களுடைய எண்ணம். ஆள் மாறி ஆள் பக்கத்தில் இருந்தார்கள்.

இவர் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவருடைய உடம்புக்கு அது நடுச்சாமம். கண்ணாடிக்குப் பின்னால் விழித்திருக்கிறாரா உறங்குகிறாரா என்று ஒருவருக்கும் தெரியாது.

"அருளண்ணை, நித்திரையோ?"

"இல்லை இல்லை, சொல்லும்."

"களைச்சுப் போனியள். அக்கா, அண்ணைக்கு ஒரு பிளேன்ரீ போடுங்கோ."

எச்சில் எடுக்கும் நாளும் அந்தக் கிழமைக்குள் வந்தது. இவ்வளவு சனத்துக்கு முன்னால், தமையனின் படத்துக்கு முன்னால், ஒரு மனிதன் எப்படிக் குழாயில் துப்புவான்? தேநீரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? கொடுத்த தேநீர் எல்லாவற்றையும் குடித்தார்.

ஒஃபன்பாக் சூசை அண்ணை டாக்ஸி ஓடுபவர். எந்தச் செத்தவீட்டிலும் ஆட்களைக் கொஞ்சம் சிரிக்கவைப்பவரும் அவர்தான். இவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான் இது, முள்ளில்லாத மணிக்கூடு? ஏமாத்திப் போட்டாங்களோ?" என்றார்.

"இது எனக்கு நேரம் சொல்லாது, சூசை. என்ரை நேரத்தை அவைக்குச் சொல்லும்."

"எவைக்கு?"

நான் ஆராய்ச்சியைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். இவர் இப்போது உறங்க வேண்டிய நேரம் என்பதையும் சொல்லிப் பார்த்தேன். என் குரல் எப்போதும் போல எனக்கே கேட்கவில்லை. சூசை அண்ணைக்கு மட்டும் கேட்டது.

"அதுக்கு? செத்தவீட்டுக்கும் டெர்மின் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுறியளோ, தங்கச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று முழுவதும் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது. இவரும் சிரித்தார். பிறகு சூசை அண்ணை எழும்பி மற்றவர்களுக்கு இடம் விட்டார். அவர் அடுத்ததாக இன்னொரு செத்தவீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. அந்த மாதங்களில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் வீடு வீடாகப் போனார்கள்.

அடுத்த தடவை டொக்டர் வென்ட்டிடம் போனபோது அவர் ஒரு நீளத் தாளை மேசையில் விரித்தார். இவருடைய நாட்கள் எல்லாம் அதில் கருப்புக் கோடுகளாக ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. மேலே இருந்து கீழே வரும்போது ஒவ்வொரு கோடும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, படிக்கட்டு இறங்குவது போல. ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்களை இத்தனை வருடம் அலைக்கழித்த நோய் தாளில் அவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "இதுவரைக்கும் மிக அழகாக இருக்கிறது" என்று டொக்டர் விரலால் தடவிக் காட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அதற்குக் கீழே எல்லாம் துண்டு துண்டாக, வெட்டிப் போட்ட மயிர் மாதிரிக் கிடந்தது.

"இங்கே என்ன நடந்தது?"

டிலானி சொன்னாள். டொக்டர் தலையைக் குனிந்து, மெய்யாகவே வருந்தி, அனுதாபம் சொன்னார். பிறகு கேட்டார்: "ஆனால் இவ்வளவு நாள், இவ்வளவு பேர்! அவர் விழித்திருக்கும் நேரத்தில் வரும்படி அவர்களுக்கு ஒரு டெர்மின் கொடுத்திருக்கலாமே?"

டிலானிக்கு அதை எங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. "டெர்மின்" என்ற சொல் போதும். சூசை அண்ணையின் குரல் எனக்குள் கேட்டது. ஆனால் டொக்டர் பகிடி விடவில்லை. அவர் எங்களுக்கு உதவிசெய்யத்தான் கேட்டார். நான் என் ஜெர்மனில் சொல்லப் பார்த்தேன்: "எங்களில், ஆள் செத்தால், ஆட்கள் வரும்." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவர் "ஓ, விளங்குகிறது" என்று சொல்லிக்கொண்டே அந்தத் துண்டுக் கோடுகளைப் பார்த்தார். விளங்கவில்லை என்று எனக்கு விளங்கியது. அவருடைய அண்ணன் செத்தால் முதல் வேலையாகக் கதவை மூடிக்கொள்வாராயிருக்கும். அதுவும் ஒரு மரியாதைதான்.

இந்த அளவுகளை வைத்து இவரை எடுக்க முடியாது, எல்லோரும் ஒரே காலத்தில் மருந்தைத் தொடங்க வேண்டும், இவருக்காகப் பிந்த முடியாது என்றார். இன்னொரு ஆராய்ச்சி வந்தால், அதற்கு நிதி கிடைத்தால், எழுதுவதாகச் சொன்னார். கையில் இருந்த பட்டியைக் கழற்றி வாங்கினார். அது இருந்த இடத்தில் தோல் வெளிறிப்போய் இருந்தது.

"அந்தத் தாளை ஒருக்காத் தாங்கோ" என்றார் இவர். டிலானி எடுத்துக் கொடுத்தாள். மேலிருந்து கீழாக விரல்களால் மெதுவாகத் தடவினார். திரும்பவும் தடவினார்.

"ஒண்டும் தட்டுப்படேல்லை" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு டொக்டர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "குட், குட். டாங்கே" என்று ஜெர்மனில் நன்றி சொன்னார்.

டிலானி எங்கேயோ கேட்டு அதே குளிசையை அமெரிக்காவில் இருந்து எடுப்பித்தாள். எந்த நேரத்தில் கொடுப்பது என்று தெரியாமல் கொடுத்தோம். பலன் இல்லை. அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கத்தான் அவ்வளவு அளவும் எடுத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. டொக்டர் வென்ட்டைக் கேட்கலாம் என்று போன் எடுத்தபோது அவர் அங்கே வேலையில் இல்லை. வேறு நகரத்துக்குப் போய்விட்டாராம். வைகாசியில் சண்டை முடிந்தது. அதற்குப் பிறகு இவர் தன்னுடைய இரவல்லாத இரவுகளில் ரேடியோ போடுவதையும் விட்டுவிட்டார். பிராவ் கெஸ்லர் படியில் கண்டு, "உங்கள் கணவருக்கு இப்போது அமைதியான ஷிஃப்ட் போல" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்.

ஆனந்தியும் போய்விட்டாள். அவளுடைய கலவை விளக்குக்குக் கீழே எதிர்பார்த்த காலம் தாங்கவில்லை. ஒப்பந்தத்தை நீட்டவில்லை, விசாவும் அதோடு முடிந்தது. கடைசி நாள் யன்னல் ஓரத்துக் கிண்ணங்களை எல்லாம் அவளே கொண்டுவந்து என் தொட்டியில் வைத்தாள்.

"கழுவிடுங்கக்கா."

"வளந்துகொண்டெல்லோ இருக்கு?"

"இருக்கட்டும்க்கா. பார்க்கறதுக்கு ஆள் இல்லையே."

கழுவினேன். சுடுதண்ணீரில் உடனே கரைந்துவிட்டன. அந்தப் பெட்டியின் விளக்கு இன்னும் எரிகிறது. இப்போது அதற்குக் கீழே வேறொருவருடைய தகடுகள்.

நான் ஆறுதலாக, மெல்ல மெல்ல எழுதுகிறவள். இதைத் தொடங்கிய கிழமையில் இவருக்குப் பின்னேரம் விடிந்தது என்று சொன்னேன் அல்லவா? அதற்குள் இரண்டரைக் கிழமை போய்விட்டது. இவர் நடுச்சாமத்தையும் தாண்டி வந்துவிட்டார். இப்போது இரண்டு, இரண்டரைக்கு எழும்புகிறார். ஊரில் அப்போது காலை. இவர் ஒவ்வொரு சுற்றிலும் இந்த நாட்டு நேரத்துக்கு வருவதற்கு முன்னர் ஊர் நேரத்தைக் கடந்துதான் வருவார். சில நாட்களுக்கு அங்கே உள்ளவர்களோடு எழும்பி, அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு படுப்பார். அங்கே இப்போது இவரோடு சாப்பிட யாரும் இல்லை. பிறகு அங்கிருந்து நழுவி இங்கே வருவார். இங்கே நானும் டிலானியும் இருக்கிறோம். அந்த நாலைந்து நாட்களுக்காக என் விடுமுறையைச் சேர்த்து வைத்திருக்கிறேன். புட்டு அவிப்பேன், அவருக்குப் பசிக்கும். ஞாயிறு அதற்குள் வந்தால் பூசைக்குப் போவோம். அதற்குப் பிறகு இங்கிருந்தும் நழுவி, எங்களுக்கு ஒருவரையும் தெரியாத நாடுகளின் காலைகளுக்குப் போவார். முன்பெல்லாம் அவர் வரும்போது இந்தத் தடவை நிற்பாரோ என்று நினைப்பேன். இப்போது நினைப்பதில்லை.

இன்று நான் வேலைக்கு வெளிக்கிடும்போது ஏழரை மணி. மார்கழி, இன்னும் விடியவில்லை. அவர் மேசையில் இருந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு, பருப்பு, நேற்றைய மீன்குழம்பு.

"வெளியிலை வெளிச்சமோ?"

"இல்லை. இருட்டாத்தான் கிடக்கு."

"அங்கை இப்ப நல்ல வெயில் எறிக்கும்" என்றார். வலது கையில் சோறு இருந்ததால் இடது கையை உயர்த்திக் காட்டினார். காட்டிய பக்கத்தில் யன்னல் இல்லை, சுவர்தான்.

"போட்டு வாறன்."

"ஓம். இருட்டிலை பாத்துப் போம்."

கதவைச் சாத்திக்கொண்டு படியில் இறங்கினேன். இரண்டாம் மாடிக்கு வரும்போது படிக்கட்டு விளக்கு எப்போதும் போலத் தானாக அணைந்துவிட்டது. சுவரில் ஆளியைத் தேடி விளக்கைப் போடவில்லை. கைப்பிடியைப் பிடித்து, அவர் இறங்குவது போல, காலால் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினேன். கீழே வரும்வரைக்கும் மீன்குழம்பு மணத்தது.